கூட்டுப் பறவையும் குடிநீரும்

பொதிய மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்தி, புன்னைக்காயலுக்கு அருகில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமுடையது. பொருநை என்பது அதன் பழம்பெயர். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே ஊட்டுவதால் இவ்வாறு தமிழ்நாட்டில் வற்றாது ஓடும் ஆறு எனப் பெயர் பெற்றது. இதன் நீரை நம்பி வாழ்வோர் மக்கள் மட்டும் அல்லர். தாமிரபரணியும் கடனாநதியும் கூடுமிடத்தில் அமைந்த திருப்புடைமருதூரில், கோயிலைச் சூழ்ந்த மருத மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவ்விடம் 2005ஆம் ஆண்டில் பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்திய நாட்டில் இவ்வகையில் அறிவிக்கப்பட்ட முதல் காப்பிடம் அதுவே. நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்திலும், குளம் பெருகிய ஆண்டுகளில், சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊர் நடுவே உள்ள மரங்களில் வந்து தங்குகின்றன. குளம் வற்றிய ஆண்டில் அவை வருவதில்லை, வந்தவையும் தங்குவதில்லை. நீர் கெட்டால் வேறு நீர் தேடிப் பறந்துவிடும் உரிமை அவற்றுக்கு உண்டு.

கூட்டில் அடைபட்ட பறவைக்கு அவ்வுரிமை இல்லை. கிண்ணத்தில் ஊற்றியது எதுவோ அதுவே அதற்கு ஆறு, அதுவே குளம். அந்நீர் உவர்ப்பாயினும், புழு நெளிவதாயினும், வெயிலில் கொதிப்பதாயினும், வேட்கை மிக்கபோது அதனையே குடித்தாக வேண்டும். ஆதலால் பறவை வளர்ப்போர் மேற்கொள்ளும் கடமைகளுள் முதன்மையானது நீர் தேர்தல் ஆகும். பெரும்பாலோர் தீனியைப் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்பர். நீரைப் பற்றி ஒருவரிடமும் கேளார்.

பறவை வளர்த்தல் தமிழர்க்குப் புதிதன்று. கிளியையும் பூவையையும் பேசப் பழக்கிய செய்தி நம் இலக்கியங்களில் பரவலாக வருகின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. ஆயின் இக்காலத்துச் சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுப் பச்சைக்கிளியையோ, மலை மைனாவையோ, சில்லையையோ பிடித்துக் கூட்டில் அடைத்தல் குற்றமாகும். ஆகவே இன்று வீடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் அயல்நாட்டுப் பறவைகளே. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி. நம் ஊர்க் கடைத்தெருவில் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கின்றனர். உண்மையில் அப்பெயருக்குரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொன்று. பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டில் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை உலகெங்கும் பரவின. இவையன்றிப் புறாக்களும் கோழிகளும் நம் வீட்டு முற்றங்களில் தொன்றுதொட்டு வாழ்கின்றன.

பறவை நீர் அருந்தும் முறையே தனி. கோழியும் குருவியும் அலகால் நீரை முகந்து, தலையை அண்ணாந்து, தொண்டைக்குள் வழியவிடும். புறாவோ அலகை நீரில் ஆழ்த்தி, தலை தூக்காமலே உறிஞ்சும். ஒரு பறவை வாய் வைத்த நீரில் அதன் எச்சிலும் கலக்கும். நோயுற்ற புறா ஒன்று குடித்த கிண்ணத்தில் மற்றொரு புறா குடிக்குமாயின், டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிரி அதன் தொண்டையிலும் பரவி, மஞ்சள் நிறப் படிவாகி, உணவு விழுங்க இயலாதபடி அடைத்துவிடும். புறா வளர்ப்போர் அஞ்சும் நோய்களுள் இஃது ஒன்று.

35 கிராம் எடையுள்ள பட்ஜெரிகர், வெப்பம் மிகாத நாளில், ஒன்றரை மில்லிலிட்டர் அளவே நீர் அருந்தும். ஒரு தேக்கரண்டியில் பாதியும் அன்று. இதனைக் கேட்டு, ‘இவ்வளவு சிறு உயிர் இவ்வளவு சிறிது குடிக்க, என்ன கேடு விளையும்?’ என எண்ணுதல் பிழை. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதர் நாள் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் அருந்துவதாகக் கொள்வோம். இருவர்க்கும் கணக்கிட்டுப் பார்த்தால், உடல் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே நீர் செல்கின்றது. விகிதம் ஒன்றாயின் வேறுபாடு எங்கே? மனிதர் குடிநீரை மூடி வைக்கின்றனர். கழுவிய குவளையில் ஊற்றிக் குடிக்கின்றனர். பறவையோ தான் குடிக்கும் கிண்ணத்திலேயே குளிக்கின்றது, எச்சமிடுகின்றது, தினையுமியை உதிர்க்கின்றது. காலையில் தூய்மையாக இருந்த நீர் பிற்பகலில் அவ்வாறு இருப்பதில்லை. மேலும் பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. சித்திரை, வைகாசித் திங்களில் நெல்லைச் சீமையின் வெயில் ஏறும்போது, அது வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடலின் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளும். அம்மூச்சோடு நீரும் ஆவியாகிப் போகின்றது. அக்காலத்தில் அது குடிக்கும் நீரின் அளவு பன்மடங்கு பெருகும். நீர் இல்லாத ஒரு நண்பகலே சிறு பறவையின் உயிரை வாங்கிவிடும்.

இனி எந்நீர் நன்னீர் என்பதை ஆராய்வோம். தெளிவும் சுவையுமே நன்னீர்க்கு அடையாளம் என்பது பொதுமக்கள் நம்பிக்கை. இந்நம்பிக்கை எத்துணைப் பொல்லாதது என்பதனை இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். அவ்வாண்டு பிராடு தெரு என்னுமிடத்தில் வாந்திபேதி நோய் பரவி 600க்கு மேற்பட்டோரை மாய்த்தது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடுவீடாகச் சென்று வினவி, அத்தெருவின் அடிகுழாய் நீரே நோய்க்குக் காரணம் எனக் கண்டார். அத்தெருவுக்கு நெடுந்தொலைவில், ஹாம்ப்ஸ்டெட் என்னும் பகுதியில், நோயே பரவாத இடத்தில், முதிய பெண்மணி ஒருவரும் அந்நோயால் இறந்தார். ஸ்நோ அதன் காரணத்தையும் துருவி ஆராய்ந்தார். முன்பு பிராடு தெருவில் குடியிருந்த அம்மூதாட்டி, அக்குழாய் நீரின் சுவையை மறக்கமாட்டாமல், அதனை நாள்தோறும் வண்டியில் வரவழைத்து அருந்திவந்தார் என்பது தெரிந்தது. சுவையே அவருக்குக் கூற்றாயிற்று.

நம் நாட்டில் கலங்கிய ஆற்றுநீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பது நெடுநாள் வழக்கம். மழைக்காலத்தில் பொருநை செந்நீராகப் பெருகும்போது இம்முறையும் படிகாரமும் பெரிதும் உதவின. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கிவிடும். இஃது அறிவுடைய முறையே, இகழத்தக்கதன்று. எனினும் தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவிக்குமேயன்றி நோய்க்கிருமிகளை முற்றும் அழிக்காது. மண்ணோடு சில கிருமிகள் அடியில் படியினும் எஞ்சியவை நீரிலேயே நிற்கும். தெளிந்த நீரைக் காய்ச்சுதல் அதற்கு மேற்பட்ட தனி வேலை. நீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தாலே நோய்க்கிருமிகள் மாயும். ஆறவைத்து, மூடிய கலத்தில் வைத்து, அதனையே பறவைக்கும் வார்க்கலாம்.

திருநெல்வேலி வட்டாரத்தில் பல ஊர்களுக்குக் குடிநீர், ஆற்றுப்படுகையில் அமைந்த உறைகிணறுகளிலிருந்து இறைக்கப்படுகின்றது. ஆற்றுமணலே அங்கு இயற்கையான வடிகட்டியாக நின்று நீரைத் தூய்மைப்படுத்துகின்றது. பின்னர்க் குளோரின் கலக்கின்றனர். ஆற்றிலிருந்து நேரே முகந்த நீரின் நிலை வேறு. மலையடிவாரத்தில் பளிங்குபோல் தோன்றும் ஆறு, மாநகரைக் கடக்கும்போது கழிவுநீரையும் ஏற்கின்றது. ஆகவே ‘தாமிரபரணித் தண்ணீர்’ என்னும் பெயரை மட்டும் நம்பிப் படித்துறையில் முகந்ததைப் பறவைக்கு வைத்தல் தகாது.

குழாய்நீரில் வீசும் குளோரின் நெடியைக் கண்டு பறவை வளர்ப்போர் பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் தேவையற்றது. இந்தியத் தரநிர்ணய அளவின்படி, குடிநீரில் எஞ்சி நிற்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் ஆகும். இச்சிற்றளவு பறவைக்குத் தீங்கு செய்வதில்லை. குழாய் வழியே புகும் கிருமிகளிடமிருந்து அதனைக் காக்கின்றது. நெடி மிகுதியாக இருப்பின், அகன்ற வாயுடைய கலத்தில் சில மணி நேரம் வைத்தால் அது நீங்கும். நெடி நீங்கியபின் அந்நீருக்குக் காவலும் நீங்கிவிடுகின்றது. அதனை அன்றே பயன்படுத்திவிடுதல் வேண்டும். நெடிக்கு அஞ்சி, மூடப்படாத கிணற்றின் நீரைத் தேடிச் செல்வோர் புலிக்குத் தப்பிப் பூதத்தின் வாயில் விழுவோரே ஆவர்.

கிருமிக்கு அடுத்தபடியாக எண்ண வேண்டியது உப்பு. கடினமான மலைப்பாறையில் வழிந்து வரும் பொருநை நீர் மென்னீர். ஆற்றைவிட்டு அகன்று செல்லச் செல்லக் கிணறுகளின் இயல்பு மாறுகின்றது. கடலோரத்தில் பல கிணறுகள் உவர்க்கின்றன. திருச்செந்தூரில் அலைகளுக்கு மிக அண்மையில் நன்னீர் ஊறும் நாழிக்கிணற்றை மக்கள் வியந்து போற்றுவதே, அப்பகுதியில் நன்னீரின் அருமையைக் காட்டப் போதிய சான்றாகும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் தரநிர்ணயம் கூறுகின்றது. இது மனிதர்க்கு வகுத்த அளவு. பறவைக்கு முதல் அளவையே கொள்ளுதல் பாதுகாப்பானது.

ஏன் எனின், பறவையின் சிறுநீரகம் உப்பைச் செறிவாக்கி வெளியேற்றுவதில் மனிதரின் சிறுநீரகத்தைப் போல வல்லதன்று. அங்ஙனமாயின் புன்னைக்காயல் கழிமுகத்தில் கடல்நீரிடையே வாழும் கடற்காகம் பிழைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர் நட் ஷ்மிட் நீல்சன் என்னும் உடலியல் அறிஞர். அவரும் துணைவரும் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடற்பறவைகளின் கண்ணுக்கு அருகில் தனிச் சுரப்பி ஒன்று உண்டு என்றும், அது குருதியிலுள்ள மிகையான உப்பைப் பிரித்து மூக்கின் வழியே துளித்துளியாக வடியச் செய்கின்றது என்றும் விளக்கினர். கடற்காகம் அடிக்கடி தலையை உதறுவது அத்துளியை உதிர்த்தற்கே. நம் வீட்டுப் புறாவுக்கும் சிறு கிளிக்கும் அவ்வாறு தொழிற்படும் சுரப்பி இல்லை. உவர்நீர் குடித்தால் அவ்வுப்பைப் போக்க மேலும் நீர் வேண்டும்; அதற்காக மீண்டும் உவர்நீரே குடிக்கும். எச்சம் நீர்த்துப்போதல், சோர்ந்து இறகு சிலிர்த்து அமர்தல் ஆகியவை இந்நிலையின் தொடக்க அறிகுறிகள்.

உவர்நீரைக் காய்ச்சினால் குணப்படும் என்று எண்ணுவோர் உளர். காய்ச்சுவதால் நீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. ஆதலால் எஞ்சிய நீர் முன்னினும் உவர்ப்பாகும். நைட்ரேட்டு, புளூரைடு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இத்தகைய இடங்களில் மழைநீரைச் சேமித்தோ, எதிர் சவ்வூடு பரவல் முறையில் தூய்மை செய்த நீரை வாங்கியோ பயன்படுத்தலாம். அம்முறையில் உப்புகளோடு சுண்ணாம்புச் சத்தும் நீங்கிவிடும் என்று சிலர் குறை கூறுவர். பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து வர வேண்டிய வழி நீர் அன்று. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை, சித்த மருத்துவர் கடல்நுரை என்பர். அதில் ஒரு துண்டைக் கூட்டில் கட்டித் தொங்கவிட்டால், பறவை தனக்கு வேண்டியதைக் கொத்தி உண்ணும்.

நீர் நல்லதாயினும் கலம் தீயதாயின் பயன் இல்லை. தாமிரம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஆற்றங்கரையில் செப்புக்குடம் பெருமை பெற்றதில் வியப்பில்லை. செப்புக்கலத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கு நோய்க்கிருமிகள் மாய்கின்றன என்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆராய்ச்சி ஒன்றும் காட்டியது. ஆகவே மக்கள் நீரைச் செப்புக்குடத்தில் சேமித்தல் மூடப்பழக்கம் அன்று. ஆயின் கூட்டின் உள்ளே செப்புக்கிண்ணம் வைப்பது வேறு. அதில் பழத்துண்டும் புளிப்பும் விழும். புளிப்புப் பட்ட செம்பு நீரில் கரையும். மிகுந்த செம்பு சிறு உடலுக்கு நஞ்சு. துத்தநாகம் பூசிய கம்பியும் தகரமும் இதனினும் கொடியவை. கிளியினம் அலகால் பற்றி ஏறும் இயல்புடையது. புதிய கம்பிவலையின் மேற்படிந்த துத்தநாகத் துகளைக் கொறித்து நோயுறும். கூட்டைப் புதிதாகக் கட்டியவர், புளிக்காடியைத் தோய்த்த தூரிகையால் கம்பிகளைத் தேய்த்து, நன்றாகக் கழுவி உலர்த்திய பின்னரே பறவையை விடுதல் வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் ஈயம் என்னும் பெயர் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகின்றது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது தூயதாக இருப்பின் கேடில்லை. காரீயமோ கொடுநஞ்சு. பழைய குழாய்ப் பற்றவைப்பிலும், மலிவான உலோகக் கலவைகளிலும் அது மறைந்திருக்கும். ஒரே பெயர் பெற்றமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் உயிர்க்கே கேடாகும்.

மண்கலம் எவ்வாறு? சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சி, நாகசுரக் கலைஞர் அருணாசலத்தால் பெயர் பெற்றதுபோலவே, மண்பாண்டத் தொழிலாலும் பெயர் பெற்றது. அத்தகைய மண்கலத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால், உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. கோடையில் பறவைக்கு இதனினும் இனியது வேறில்லை. அந்நுண்துளைகளிலேயே பாசியும் வழுவழுப்பும் குடிகொள்ளும் என்பது இதன் குறை. இரண்டு கலங்களை வைத்துக்கொண்டு, ஒன்று பயன்படும் நாளில் மற்றொன்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் அக்குறை நீங்கும். அவ்வளவு உழைக்க இயலாதவர்க்கு எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணமே தக்கது. கண்ணாடிக் குழலும் நெகிழிப் புட்டியும் எச்சம் விழாதபடி நீரைக் காக்கும். ஆயின் வெயில் பட்டால் அவற்றில் பச்சைப் பாசி படரும். சில புட்டிகளின் முனையிலுள்ள உருண்டை சிக்கிக்கொண்டு, புட்டி நிறைய நீர் இருந்தும் பறவை நாவறண்டு வாடுவதும் உண்டு. ஆதலால் நாள்தோறும் விரலால் தொட்டு நீர் வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

கிண்ணத்தைப் பறவை அமரும் கொம்பின் கீழே வைக்கலாகாது; நிழலில் வைத்தல் வேண்டும். நீரைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மாற்றுக. கோடையில் நண்பகலிலும் மாற்றுக. பழைய நீரின்மேல் புதுநீர் ஊற்றுவது மாற்றுதல் ஆகாது. கிண்ணத்தைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, நீரின் விளிம்பை ஒட்டிய கலத்தின் சுவரில் முட்டையிடுகின்றது. அம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல திங்கள் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் அவை போகா, தேய்த்தால்தான் போகும். மாடியில் சிட்டுக்குருவிக்கும் காகத்துக்கும் அன்போடு நீர் வைக்கும் மாணவர்களும் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். முட்டையிலிருந்து கொசு வெளிப்பட ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

மஞ்சளும் துளசிச்சாறும் சத்துத்தூளும் நாள்தோறும் குடிநீரில் கலந்து வைக்கும் வழக்கம் சிலரிடம் காணப்படுகின்றது. நோக்கம் நன்று, முறை நன்றன்று. நிறமும் மணமும் மாறிய நீரைப் பறவை ஐயுற்றுக் குறைத்தே குடிக்கும். சத்துத்தூள் கலந்த நீரோ வெப்பத்தில் சில மணி நேரத்தில் புளித்துக் கிருமிக்கு விருந்தாகும். மருந்து தேவையெனின் கால்நடை மருத்துவர் கூறும் அளவில், கூறும் நாள்வரை கொடுத்தல் போதும். மற்ற நாளில் நீர் நீராகவே இருக்கட்டும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி நகரிலும் திருவைகுண்டம் வட்டத்திலும் புகுந்தது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் எங்கும் நீர் நிற்கும். குடிக்கத்தக்க நீர்தான் அரிதாகும். சாக்கடையும் இறந்த விலங்குகளும் கலந்த நீர் கிணறுகளில் இறங்கியிருக்கும். அக்கிணற்றை இறைத்து, சலவைத்தூள் இட்டுத் தூய்மை செய்யும்வரை அதன் நீரைக் காய்ச்சாமல் எவ்வுயிர்க்கும் தரலாகாது. கோழிகளையும் வாத்துகளையும் தேங்கிய குட்டைகளில் மேயவிடுதலும் தீது. அழுகிய உடல்களும் சேறும் நிறைந்த வெதுவெதுப்பான குட்டைநீரில் போட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நஞ்சை விளைவிக்கும் கிருமி பெருகும். அந்நஞ்சு பட்ட பறவைக்கு முதலில் காலும் சிறகும் தளரும். பின்னர்க் கழுத்து நிற்காது தொங்கும். அந்நிலையை அடைந்தவற்றுள் பிழைப்பவை சிலவே.

தம் வீட்டுக் கிணற்றின் நீர் எத்தகையது என்று அறிய விரும்புவோர்க்கு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் வைத்துள்ளது. உரிய கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். உப்பும் கடினத்தன்மையும் அறிவதற்குத் தூய புட்டி ஒன்று போதும். அதனை அக்கிணற்று நீராலேயே சில முறை அலசியபின் நிரப்புதல் வேண்டும். கிருமிச் சோதனைக்கோ, ஆய்வுக்கூடத்தார் தரும் கிருமிநீக்கிய புட்டியை வாங்கி, அலசாமல், வாய்ப்புறத்தில் விரல் படாமல் நிரப்பி, காலம் தாழ்த்தாது அன்றே கொண்டுசேர்த்தல் வேண்டும். கோடையின் இறுதியில் ஒருமுறையும் மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறையும் சோதித்தால், ஒரே கிணற்றின் இருவேறு இயல்புகள் புலப்படும்.